மூஞ்சியப் பாத்துப் பேசுங்க

"மேடம், போர்டுகிட்ட பேசாதீங்க. எங்ககிட்ட பேசுங்க."

திருப்பதியில் அலிபிரி போகிற சாலையில் இருந்த பயிற்சிக் கூடத்தின் முதல் வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். போர்டில் எழுதிக்கொண்டே பேசிய சுமித்ரா திரும்பினாள். காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, மெதுவாகப் படிக்கிற பிள்ளை என்று எல்லாரையும் ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. இதுவரை எந்த வாத்தியாரும் அவளை அதட்டியதில்லை. பெரும்பாலும் தூங்குவார்கள்.

"மீரு எவரண்டி?"

"பாலசுந்தரம். நகரி, தமிழ் மீடியம், அஞ்சாங் கிளாசு. ஒருத்தர் மூஞ்சியப் பாத்துப் பேசறதுதான் மருவாதி."

மரியாதை விஷயத்தில் பாலசுந்தரம் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் திரும்பமாட்டார். போன வருஷம் மண்டல அதிகாரி ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், சுற்றிக்கொண்டு முன்னால் வந்துதான் பேசினார். நகரியில் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். குரலும் கொஞ்சம் பெரிசுதான். ஆனால் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஊரில் யார் குரல்தான் சிறிசு?

சுமித்ரா தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறினாள். "சரி மாஸ்டாரு. உங்க கிளாஸ்ல இந்த மாதிரி ஸ்பெஷல் பிள்ளைங்க எத்தினி பேரு?"

"ஒருத்தரும் இல்ல."

"இல்லாம இருக்காது. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

"என் பசங்கள நான் கவனிக்கலயா? வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"அடுத்த வாரமே வர்றேன்."

ஊர் திரும்பியதும் தலைமையாசிரியர் ரங்கையா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏமி மாஸ்டாரு இது? இவருக்கு டிரெயினிங்கு ஏறலன்னு அந்தம்மா எழுதிட்டா, உங்கள கிளாஸ்லேந்து தூக்கி மண்டல ஆபீசுல உக்கார வெச்சிருவாங்க. சத்துணவு அரிசி மூட்டைய எண்ணிக்கினு இருக்க வேண்டிதுதான்."

பாலசுந்தரம் முதல் தடவையாகப் பயந்தார். ஊரில் பாதிப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏறிவிட்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஏறாமல் மிஞ்சியதுதான் அவர் வகுப்பு. அதையும் விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

"ஒரு வழி இருக்குது," என்றார் ரங்கையா. "யாராவது ஒரு பையனக் காது கேக்காத மாதிரி நடிக்கச் சொல்லுவோம்."

"நல்லா இருக்கிற புள்ளய என்னாத்துக்குக் குறையாக் காட்டணும்? செய்ய மாட்டேன். ஆனது ஆவட்டும்."

ரங்கையாவுக்கு அந்த வீம்பெல்லாம் கிடையாது. அஞ்சாங் கிளாஸ் சுரேஷ்பாபுவைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம் கூப்பிட்டாத் திரும்பாத. இல்லாட்டி உங்க சார ஆபீசுக்கு அனுப்பிடுவாங்க," என்று சொல்லி, ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கும் வாக்குக் கொடுத்தார். சுரேஷ்பாபு ரகசியம் காக்கிற ஜாதியில்லை.

சுமித்ரா வந்தாள். பேர் கூப்பிட்டாள்.

"சுரேஷ்பாபு."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"சந்தியா."

சந்தியாவும் ஜன்னலைப் பார்த்தாள். உமாபதி பார்த்தான். கடைசியில் வகுப்பே ஜன்னலைப் பார்த்தது.

"இன்னா மாஸ்டாரு, ஒருத்தரும் இல்லன்னீங்க. எல்லாருமே இருக்காங்க போல?"

பாலசுந்தரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் நின்ற ரங்கையா உள்ளே ஓடிவந்தார். "ஜலுபு மேடம். ஊரு பூராவும் சளி, ஜலுபு. எல்லாருக்கும் காது அடச்சிக்கினு கீது."

"அப்படின்னா சீரியஸ்தான்," என்று சுமித்ரா செல்போனை எடுத்தாள். "கிளாஸை மூடிட்டு எல்லாரையும் சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். காதுல ஊசி போடுவாங்க."

"எங்களுக்கு நல்லா கேக்குது மேடம்," என்றது வகுப்பு மொத்தமும்.

ரங்கையா சத்தமில்லாமல் வெளியே நழுவினார். பாலசுந்தரத்தின் முகம் சிவந்துவிட்டது. காலால் தரையை ஒரு மிதி மிதித்தார்.

"நாடகம் போதும். மேடம், எழுதறத எழுதிக்கோங்க. நான் பாடம் நடத்தணும்."

சந்தியா எழுந்து, யாரும் சொல்லாமலே, கடகடவென்று ஓடிய மின்விசிறியை நிறுத்தினாள். அந்தப் புழுக்கத்தில் வகுப்பு ஆரம்பித்தது. கேள்வி கேட்டால் ஒரு பிள்ளை மட்டும் எழுந்தது. அவரை நேராகப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து பதில் சொன்னது. எண் வந்தால் கூடவே விரலையும் காட்டியது. தறிச் சத்தத்தில் அப்பா அம்மா பேசிக்கொள்கிற சைகை எல்லாம் அங்கே பாடத்துக்கு வந்துவிட்டிருந்தது. வாசலில் சத்துணவு ஆயாம்மா தாட்சாயணி வந்து நின்று "சார்" என்றபோது, முதல் பெஞ்சுப் பையன் பாலசுந்தரத்தின் மேஜையைத் தட்டி வாசலைக் காட்டினான்.

சுமித்ரா அசந்துபோனாள். அவள் கூடத்தில் கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் இங்கே நடந்துகொண்டிருந்தது. சொல்லாததும் நடந்தது. கோபமெல்லாம் போய், இந்த மனுஷனை வகுப்பைவிட்டு யாரும் அசைக்க முடியாதபடி எழுதவேண்டும் என்று முடிவு செய்தாள். ஆனால் எழுத ஒரு விவரம் வேண்டுமே.

பாலசுந்தரம் போர்டுப் பக்கம் திரும்பிக் கணக்கு எழுத ஆரம்பித்தார். சுமித்ரா கடைசி பெஞ்சில் மோனிகா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்.

"உண்மையச் சொல்லு கண்ணு. இவ்வளவும் எந்தப் பிள்ளைக்காக?"

மோனிகா குரலைக் கொஞ்சமும் தணிக்கவில்லை.

"கத்தியே பேசுங்க மேடம், சார் திரும்பிதான நிக்கறாரு, அவருக்குத்தான் காது கேக்காதே, மூணாங் கிளாஸ்லேந்து நாங்கதான் அவரப் பாத்துக்கினு வர்றோம், ஆபீசுக்கு அனுப்பிட்டா அங்க யாரு அவரு மூஞ்சியப் பாத்துப் பேசுவாங்க?"