கோட்டுக்குள் ஒரு கழிவறை

"கோடு றோட்டு நடுவாலை போகுது, பிள்ளை," என்றார் சீமோன்.

ரொறன்ரோ நகரசபைக் கருமபீடத்தில் விரித்திருந்த வரைபடத்தில் அவருடைய விரல் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்பது மாடிக் கட்டிடம் எழும்பப் போகிறது. அந்தப் பக்கம் பூங்கா. கட்டிடக்காரரிடம் அறவிடும் அபிவிருத்திக் கட்டணத்தை அதே வட்டாரத்துக்குள்தான் செலவழிக்கலாம். வட்டாரங்களுக்கு எல்லை கீறும் வேலை இப்போதுதான் நடக்கிறது. பூங்கா எல்லைக்கு வெளியே போனால், அங்கே கழிவறை வராது.

கழிவறை வராவிட்டால் வேரோனிக்கா நடக்க மாட்டார்.

சீமோனின் மனைவிக்குச் சீனி வருத்தம். தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார். பூங்காவில் பாதிச் சுற்றிலேயே அவசரம் வந்துவிடும். எதிரே இருந்த கோப்பிக் கடையில் ஏதாவது வாங்கினால்தான் கழிவறைத் திறப்புத் தருவார்கள். சீனியைக் குறைக்கப் போன மனிசி நாளுக்கொரு டோனட் தின்றுவிட்டு வந்தார். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டொக்டர் ஏச, வேரோனிக்கா நடையையே விட்டுவிட்டார். மூன்று மாதமாகக் கதிரையும் அவரும்தான். சீமோனுக்கு உண்மையாகவே பயம் பிடித்திருந்தது.

"கோட்டைக் கொஞ்சம் தள்ளிக் கீற ஏலாதோ?"

கருமபீடத்தில் இருந்த ஸ்டெபனி கனடாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "தனிய நீங்கள் கேட்டாக் காணாது, அங்கிள். ஒரு நாற்பது பேர் சைன் பண்ணவேணும். மந்த் எண்ட்தான் டெட்லைன்."

"உது என்ன பெரிய வேலையே?" என்றார் சீமோன். அந்த வாயைக் கொஞ்சம் பொத்தியிருக்கலாம்.

முதல் கையெழுத்துக்கு மனுவை வேரோனிக்காவிடமே நீட்டினார்.

"எனக்காகத்தான் கக்கூசு கேக்கிறீங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியவேணுமோ? நான் வைக்கமாட்டன்."

ஞாயிறு பூசை முடிந்ததும், தேவாலயப் பாடகர் குழுத் தலைவர் அலெக்ஸாண்டரைப் பிடித்தார்.

"வைக்கலாம், சீமோன். ஆனா கோடு ஏன் பூங்காவோடை நிக்குது? நாங்கள் பாட்டுப் பழகிற சமூக மண்டபம் அடுத்த தெருதானே. ஹீற்றர் இல்லாமல் பல்லுக் கிடுகிடுக்கப் பாடுறம்."

கோடு வடக்கே வளைந்தது. பாடகர் குழு முழுவதும் கையெழுத்து வைத்தது.

செய்தி சைவக் கோயில் முதியோர் சங்கத்துக்குப் போய்ச் சேர இரண்டு நாள் எடுத்தது. "வேதக்காரருக்கு ஹீற்றர், எங்களுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று தங்கத்துரை போன் எடுத்தார். "கோயிலடி பஸ் தரிப்பிலை ஒரு கூரை இல்லை."

"சரி அண்ணை, அதையும் உள்ளுக்குப் போடுறன்."

கோடு கிழக்கே ஓடியது. பிறகு கிளடிஸ் அன்ரியின் பட்மின்ரன் குழுவுக்காகத் தெற்கே இறங்கியது. சீமோன் கீறிய வட்டாரம் இப்போது தரையில் கொட்டுண்ட சாம்பார் மாதிரிக் கிடந்தது.

ஸ்டெபனி அதை வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு பெரிசாக் கீறினா, இதுக்குள்ளை முதலே கேட்டு வெயிற் பண்ணுற ஆக்கள் இருக்கினம், அங்கிள். உங்கட வோஷ்றூம் பதினேழாவதாத்தான் வரும்."

சீமோன் வீட்டுக்குப் போய் மண்டபத்தை வெட்டினார். அலெக்ஸாண்டர் பாடகர் குழுவின் கையெழுத்துகளைத் திருப்பிக் கேட்டார். பஸ் தரிப்பை வெட்டினார். தங்கத்துரை போனைத் தூக்கவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாரையும் தன் வீட்டுக்குக் கூட்டத்துக்கு அழைத்தார். ஆறு மணிக் கூட்டத்துக்கு ஏழரைக்கு வந்து, ஹைவேயைத் திட்டிக்கொண்டே கட்லட் முழுவதையும் முடித்தார்கள்.

"எங்கட ஏரியாவை வெட்டுறதுக்கு நீர் ஆர்?" என்றார் அலெக்ஸாண்டர்.

"நாங்கள் இருக்கிற இடத்தைப் பற்றி நாங்கள்தான் சொல்லவேணும்," என்றார் தங்கத்துரை. இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விசயத்தில்தான்.

சீமோனுக்குப் பொறுமை அறுந்தது. "மனிசி நடக்க ஏலாமல் கதிரையிலை இருந்து சாகப்போறாள். உங்களுக்கு ஹீற்றரும் கூரையுமோ?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த வேரோனிக்கா, அதைச் சத்தமாக மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கிளடிஸ் அன்ரிதான் முதலில் பேனையை எடுத்தார். "சின்னக் கோடே போதும். கட்டிடமும் பூங்காவும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்." தங்கத்துரை வைத்தார். அலெக்ஸாண்டரும் வைத்தார். ஒருவர் மிச்சமில்லாமல் பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். சீமோனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் எங்கட சனம் எங்கட சனம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வேரோனிக்கா அன்றிலிருந்து அவரோடு கதைக்கவில்லை. கழிவறை வந்தால் கதைப்பார் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டு, கடைசி நாள் காலையில் நாற்பத்திரண்டு கையெழுத்துகளையும் கருமபீடத்தில் வைத்தார்.

ஸ்டெபனி ஒவ்வொரு விலாசமாகக் கணினியில் அடித்தாள். பாதியில் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு கடைசிவரை அடித்து முடித்தாள்.

"எல்லாம் சரிதானே, பிள்ளை?"

"அங்கிள், இதிலை ரொறன்ரோவிலை இருக்கிறது நீங்கள் ஒராள்தான். மற்ற நாற்பத்தொரு பேரும் வேறை நகரசபை, அஜக்ஸ்."