நான்கு தீர்வுகளுக்கும் ஏகமனதாக ஆதரவு

கர்த்தருக்குள் அன்பான கிளாரிசா அக்காவுக்கு, தங்கை நிக்கோல் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, பூனை எல்லோரும் சுகம், எங்கள் வீட்டுக் கழிப்பறை நீங்கலாக. போனில் பேசினால் பக்கத்து வீடு வரை கேட்கும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடுதான் தோட்டத்து லைன் வீடுகளில் முதல் வீடு, தேயிலையைப் படம் பிடிக்கக் கார்கள் நிற்கும் வளைவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சனி, ஞாயிறு வந்தால் காரில் வந்தவர்கள் கதவைத் தட்டி, "அடிக், தண்டாஸ்?" என்று மலாயில் என்னைத் தங்கச்சி ஆக்கிக் கழிப்பறை கேட்கிறார்கள். யாரென்று தெரியாதவர்களிடம் பேச வெட்கப்பட்டு நான் தலையை மட்டும் ஆட்டுவேன். ஆட்டினால் உள்ளே வந்துவிடுகிறார்கள். போன சனிக்கிழமை முப்பத்தொரு பேர். அப்பா துண்டோடு தன் சொந்த வீட்டில் ஆறாவது ஆளாக வரிசையில் நின்றார்.

பல்கலைக்கழகத்தில் நீங்கள் படிக்கும் பொதுக்கொள்கைப் பாடப்படி இதை ஆராயச் சொன்னீர்கள். முதலில் பிரச்சினையை எழுது என்றீர்கள். "கேட்டுக்குப் பூட்டு இல்லை" என்று எழுதினேன். அது பிரச்சினை இல்லை, தீர்வை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று திருப்பி அனுப்பினீர்கள். பிறகு நான்கு வழிகள் எழுதினேன்: நகரத்துக் கழிப்பறைக்கு வழி காட்டும் பலகை, கேட்டுக்குப் பூட்டு, வளைவில் புதிய கழிப்பறை, நீங்கள் கட்டாயம் சேர்க்கச் சொன்ன 'ஒன்றும் செய்யாமல் இருப்பது'. செலவு, காலம், மக்கள் சம்மதம் என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். 'நான் யாரிடமாவது பேச வேண்டி வருமா' என்று ஒரு கட்டம் சேர்த்து, அதற்கு மட்டும் பாதி மதிப்பெண் ஒதுக்கினேன். அது தவறா, அக்கா?

பாதிக்கப்படும் எல்லோரையும் கேள் என்றீர்களே, அங்கேதான் கெட்டது. தோட்டத்தில் பேர் பதியும் கிராணி சுப்பிரமணியம் அங்கிள் என் தாளை வாங்கி, வேலைக்கு முன் எல்லோரும் கூடும் காலைப் பெரட்டில் வாசித்தார். "பலகை வைக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார். நாற்பத்து மூன்று பேரும் தூக்கினார்கள். பூட்டுக்கும் நாற்பத்து மூன்று. கழிப்பறைக்கும் அதே. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் அதே. பெரட்டில் கிராணி நிமிர்ந்து பார்க்கும்போது கை தூக்காவிட்டால் அன்றைக்குப் பேரும் விழாது, கூலியும் விழாதல்லவா!

"நீ ஏம்மா நாலுக்கும் தூக்குனே?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"தூக்காம? அப்சென்ட் போட்டுட்டா நீயா வந்து கொழுந்து எடுப்பே?"

மணியம்மா அத்தை இரண்டு கையையும் தூக்கியிருந்தார். "ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு காய்ச்சல்ல படுத்திருக்கிற மருமவளுக்கு."

"எல்லாமே ஜெயிச்சிருச்சு லா, எல்லாத்தையும் செஞ்சிருவோம்" என்று கிராணி முடித்துவிட்டார்.

தங்கையா மாமா பலகையை ஒரே ஆணியில் அடித்தார். மலைக்காற்றில் அது சுழன்று, அம்பு எங்கள் வீட்டைக் காட்டி நின்றுவிட்டது. முன்பு தயங்கிக் கேட்டவர்கள் இப்போது உரிமையோடு வருகிறார்கள். கேட்டுக்குப் பூட்டுப் போட்டோம். "அங்கிள், சாவி!" என்று அப்பாவைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்கிறார்கள். வளைவில் கழிப்பறை கட்டித் தருவதாக மேனேஜர் ஒப்புக்கொண்டார், கட்டி முடியும்வரை தற்காலிக ஏற்பாடு எங்கள் வீடு. நான்காவது தீர்வை மட்டும்தான் எல்லோரும் ஒழுங்காக நிறைவேற்றுகிறார்கள்.

எல்லாத் தீர்வும் ஜெயித்தால் என்ன செய்வது என்று உங்கள் புத்தகத்தில் இருந்தால் உடனே எழுதுங்கள். எனக்கு வேண்டியது யாரும் கதவைத் தட்டாத ஒரே ஒரு சனிக்கிழமை. உங்கள் பரீட்சைக்காக அம்மா ஜெபிக்கிறார், நானும் வரிசை இல்லாத நேரங்களில் ஜெபிக்கிறேன்.

உங்கள் தங்கை,
நிக்கோல்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. பக்கத்து ஊர் திரிங்காப்பில் மண் சரிந்து சாலையை மூடியதால் மதியம்வரை ஒரு கார்கூட வரவில்லை. காலையிலேயே கழிப்பறையைக் கழுவிப் புது சோப் வைத்திருந்தேன். பத்து மணிக்குத் திரையை விலக்கிப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு வாசலைக் கூட்டினேன், இரண்டு முறை. மூன்று மணிக்கு வளைவில் ஒரு கார் நின்றது. நான் ஓடிப்போய், "அங்கிள், தண்டாஸா?" என்றேன்.

"இல்லம்மா, ஈப்போவுக்கு வழி கேக்கத்தான் நிறுத்தினேன்."

"ஈப்போ ரொம்பத் தூரம் அங்கிள். ஒரு தடவை போயிட்டுப் போங்க லா."