கை தாழ்ந்தால் வேலை போச்சு

மூன்றாம் மாடியில் அன்று யாரும் தொலைபேசியைத் தொடவில்லை. காப்பீடு விற்கும் அத்தனை பேரும் கூட்ட அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். வெற்றி வாத்தியார் வந்திருந்தார். ஊக்கத்தைத் தொட்டே அளக்கும் மகான்! அவர் விற்கும் செப்புத் தகட்டை வைத்துக்கொண்டு பேசினால் கல்லும் காப்பீடு எடுக்குமாம். மேலாளரே சொன்னார், அவர் பொய் சொல்வாரா?

நீட்டிய கையை வாத்தியார் அமுக்குவார், தொப்பென்று தாழும். உள்ளங்கையில் தகட்டை வைத்து அமுக்குவார், அசையாது. அறை கைதட்டும்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்த ஒருத்தியின் முறை வந்தது. பொய் வாக்குறுதி கொடுத்து விற்க மாட்டேன் என்று மேலாளரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவள் அவள். தகடு இருந்தும் அவள் கை தாழ்ந்தது. சோர்வுப் பீடை பிடித்திருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டும் என்றார் வாத்தியார். மாதக் கடைசியோடு நின்றுவிடும்படி மேலாளர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். மறுநாளே பக்கத்து நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் பட்டதாரிகள்!

அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மாலையில் அழுத குழந்தையை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் பாத்திரம் துலக்கும்போதுதான் உறைத்தது.

"பிள்ளையைத் தூக்குறப்போ தாழாத கை, அவர் தொட்டா மட்டும் ஏங்க தாழுது?"

துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "உன் கையை மட்டும் பலமா அமுக்கியிருப்பாரு."

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு தடித்த உறைகளோடு போனாள். ஒன்றில் வாத்தியாரிடம் வாங்கிய தகடு, மற்றதில் பால்பவுடர் டப்பாவின் மூடி. எது எதென்று அவளுக்கே தெரியாதபடி கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி வெளியே போய்க் கலைத்து வந்தாள். இரண்டையும் சோதித்த பிறகுதான் பிரிப்பது என்று பேச்சு. சந்தேகப்படுகிறவர்கள் நடுவில் சக்தி தங்காது என்று வாத்தியார் நழுவப் பார்த்தார். மேலாளருக்கோ நம்பிக்கை தலைக்கேறியிருந்தது. தானே கையை நீட்டினார்.

முதல் உறைக்குக் கை இரும்பாக நின்றது. "இதுதான் தகடு," என்றார் வாத்தியார். இரண்டாவதற்குத் தொங்கியது. பிரித்தார்கள். மேலாளரை இரும்பாக்கியது பால்பவுடர் மூடி!

மறுபடி கலைத்தார்கள். வேறு கைகள் நீண்டன. சில சரி, சில தப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அப்படித்தான் வரும்.

"சார், என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னது தகடா, இவரோட விரலா?" என்று அவள் அமைதியாகக் கேட்டாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது. வாத்தியார் தகடுகளை வாரிக்கொண்டு படியிறங்கினார். அவளை அனுப்பும் பேச்சை மேலாளர் எல்லார் முன்னாலும் திரும்பப் பெறும்வரை ஒருவரும் நாற்காலிக்குப் போகவில்லை. திரும்பப் பெற்றார்.

வேலைக்குக் கிளம்பும்போது கைகால்களை மறக்காமல் எடுத்துப் போகிறீர்களே, ஐயா, அம்மா! கழுத்துக்கு மேலே இருப்பதையும் ஒருநாளாவது கூட்டிப் போங்கள்.