வேலைக்கு முன்னால் வந்த போர்டு

சாவடிமுக்கு,
திங்கட்கிழமை, சாயங்காலம்.

மஸ்கட்டில் கூல்டிரிங்ஸ் கடை நடத்திக்கொண்டே இங்கிருக்கும் அத்தனை பேர் தலையெழுத்தையும் வாய்ஸ் மெசேஜில் நடத்திவரும் மதிப்பிற்குரிய பிரசன்னன் மாமாவுக்கு, அக்கா மகள் ஆர்ச்சா பணிவோடு (இந்த ஒரு வரிக்கு மட்டும்) எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அப்பா நலம், அப்பா பால் எடுக்கும் ரப்பர் மரங்கள் நலம். நீங்கள் நட்டுவிட்டுப் போன மாமரமும் நலம். இந்த வருஷமும் காய்க்கவில்லை, இலைதான் விட்டிருக்கிறது, ஆனாலும் அம்மா அதை உங்களைப் போலவே பார்த்துக்கொள்கிறாள், அதாவது திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறாள். அங்கே நீங்களும் மாமியும் வாண்டுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

“எடீ ஆர்ச்சே, வாட்ஸப்புல போர்டு பாத்தேன், என்ன கம்பெனி, என்ன வேலை, ஏன் என்கிட்ட சொல்லல, வாய்ஸ்ல விளையாடாம ஒழுங்கா உக்காந்து கடிதமா எழுதி அனுப்பு” என்று மூச்சு விடாமல் நீங்கள் பேசி அனுப்பியது கிடைத்தது. உட்கார்ந்துவிட்டேன், மாமா. எழுதி முடித்துப் படம் பிடித்து அனுப்புகிறேன். நடந்ததெல்லாம் உங்கள் அக்காவால் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்ட உங்களுக்கு வாய் வராது.

போன செவ்வாய்க்கிழமை பெண்கள் குழுக் கூட்டத்தில் ரெஜிலா சேச்சி, அதுதான் உதயரஷ்மி கிளப் செக்ரட்டரி கிரீஷ் சேட்டனின் மனைவி, கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அம்மாவிடம், “லதிகா சேச்சி, ஆர்ச்சா வீட்ல சும்மாதானே இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். அவர் மகனுக்கு வங்கி வேலை கிடைத்த போர்டு ஒரு மாதமாக முக்கில் தொங்குகிறது, அம்மா தினமும் அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்கிறாள், அந்தச் ‘சும்மா’ அவளுக்கு எங்கே போய்க் குத்தியதோ, “யாரு சொன்னா சும்மான்னு? அவளுக்கு வேலை கிடைச்சாச்சு. பெரிய கம்பெனி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கிளப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஓணத்துக்கு நடந்த வடம் இழுக்கும் போட்டியில் வடத்தை விட்டுவிட்டு நீங்கள் ஓடினீர்களே, அதே கிளப்தான். பாராட்ட ஆள் கிடைக்காவிட்டால் அவர்களுக்குக் கை அரிக்கும். மணியண்ணன் வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டதற்கே பசு படத்தோடு போர்டு வைத்தவர்கள். நான் பசுவை விடக் கொஞ்சம் மேல் என்று நினைத்தார்களோ என்னவோ, புதன்கிழமை விடிந்தபோது முக்கில் பத்தடிக்கு எட்டடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். ‘ஊரின் பெருமை ஆர்ச்சா சுகதனுக்கு முன்னணி நிறுவனத்தில் வேலை கிடைத்ததற்கு மனமார்ந்த வாழ்த்துகள். பாராட்டுக் கூட்டம் ஞாயிறு மாலை நாலு மணி, வாசகசாலை. நினைவுப் பரிசு வழங்குபவர் வார்டு மெம்பர்.’ படம் மாமியின் தங்கை கல்யாணத்தில் நான் பாயசம் குடித்தபோது எடுத்தது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். கன்னம் உப்பியிருப்பது வளமான எதிர்காலத்தால் அல்ல, பாயசத்தால்.

அப்பா போர்டைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, கையிலிருந்த ரப்பர் மரம் சீவும் கத்தியைக் கூடக் கீழே வைக்காமல், “இதையும் நீதானடி அடிச்சு வச்சே?” என்றார். பத்தாம் வகுப்பில் ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டரில் ‘விற்பனைக்கு’ என்று அட்டை மாட்டியவள் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? நான் வேண்டாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுச் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போது அம்மா அடுப்பங்கரையிலிருந்து மெதுவாக எட்டிப் பார்த்து, “நான் பொய்யெல்லாம் சொல்லல. கொஞ்சம் சீக்கிரமா சொல்லிட்டேன், அவ்வளவுதான். இன்னிக்குப் புதன். ஞாயித்துக்கெழமை நாலு மணிக்குள்ள அத உண்மையாக்கிடு” என்றாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கூட்டத்தில் மெம்பர் ‘எந்த நிறுவனம்?’ என்று கேட்டால் அவள் முகம் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வேலை இல்லையென்றால் வியாழக்கிழமை ஓணத்துக்கு வரும் நீங்கள் கையில் விசாவோடு வருவீர்கள், திரும்பும்போது என்னையும் பெட்டியோடு பெட்டியாகக் கட்டிக்கொண்டு போய்க் கல்லாவில் உட்கார வைப்பீர்கள் என்பதும் தெரியும். நான் போய்விட்டால் அம்மாவுக்குப் பேச ஆள் ஏது? அப்பா மரங்களோடு மட்டும்தானே பேசுவார்.

ஆகவே புறப்பட்டேன். கையில் ப்ளஸ் டூ மார்க் பட்டியலும் ஆறு மாத டிடிபி சான்றிதழும். முதலில் ஜவுளிக்கடை. மேனேஜர், “முன் அனுபவம் எத்தனை வருஷம்?” என்றார். எனக்குப் பத்தொன்பது வயது சார், அத்தனை வருஷமும் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். “சேலை விக்கிற அனுபவம் கேட்டேன்” என்றார். “வாங்குற அனுபவம் இருக்கு சார், எங்கம்மா அறுபது சேலையப் பிரிக்கச் சொல்லிட்டு ஒரு கைக்குட்டையோட வெளிய வருவாங்க, கூடவே இருந்து பாத்திருக்கேன்” என்றேன். அவர் முகம் மாறியது. அம்மா எந்தக் கடையில் அப்படிச் செய்வாள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெளியே வந்துவிட்டேன். அடுத்தது சூப்பர்மார்க்கெட். அங்கே அனுபவமே கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து நின்று கை குலுக்கி, “நீதானே அந்தப் போர்டுல இருக்கிற பொண்ணு? வாழ்த்துகள் மோளே!” என்றார். வேலை கேட்டு வந்தேன் என்றதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “பெரிய கம்பெனில கிடைச்ச பிறகும் இங்க எதுக்கு வர்றே? இல்லாத பிள்ளைங்க பொழைக்க வேண்டாமா?” கண்ணாடிக் கடை, மருந்துக் கடை, டியூஷன் சென்டர், போன இடமெல்லாம் இதே கதை. வேலை கிடைத்ததற்கான வாழ்த்துதான் எனக்கு வேலை கிடைக்காமல் செய்துகொண்டிருந்தது, மாமா. இரண்டு இடத்தில் இனிப்பு கேட்டார்கள்.

நம்மை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போனால்தான் சரி என்று இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஹர்த்தால். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. நான் விட்டேனா? பால் வண்டியில் பாதி தூரம், கல்யாணக் கோஷ்டி ஒன்றின் ஜீப்பில் மணமகனின் சித்தி மடியில் மீதி தூரம். போய்ச் சேர்ந்தால் அலுவலகத்தில் பூட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு வாட்ச்மேன் சேட்டன். “நான் இங்க சேர்ந்த பெறகு ஹர்த்தால் அன்னிக்கு வேலை தேடி வந்த மொத ஆள் நீதான், மோளே. உள்ள வேலை இருக்கறவனே இன்னிக்கு வரல” என்றார். பாதிக் குவளை, பால் ஊற்றாத கட்டஞ்சாயா தந்தார். “உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம், சேட்டா?” என்று கேட்டேன். “இருபத்திரண்டு.” “மொத நாள் எப்படி எடுத்தாங்க?” “அன்னிக்கும் ஹர்த்தால்தான். வேற யாரும் வரல.” அந்த நாற்காலியை நான் பார்த்த பார்வையில் அவர் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு யோசனை. போர்டு அடித்த தாஹா இக்காவின் கடைக்குப் போய், ஒரு முழ நீளத்தில் ‘விரைவில்’ என்று தனியாக அடித்து வாங்கி, யாரும் பார்க்காத நேரத்தில் ஏணி போட்டு ஒட்டிவிடுவது. ‘விரைவில் வேலை கிடைத்ததற்கு’ என்பது பிழைதான், ஆனால் நம் ஊரில் போர்டுகளைப் படிக்கிறவர்கள் படத்தைத்தான் படிக்கிறார்கள். போனால் கடையில் திருவிழாக் கூட்டம். ஓணம், கல்யாணம், கடை திறப்பு, எல்லாம் ஒரே வாரத்தில். வடிவமைக்கிற பையன் முந்தின நாள்தான் வேலையை விட்டுப் போயிருந்தான், எங்கே என்று நினைக்கிறீர்கள், மஸ்கட்டுக்கு. இக்கா இரண்டு விரலால் தட்டிக்கொண்டு வியர்த்துப் போயிருந்தார். அவர் முன்னால் நின்ற சலூன்காரர், “நாளைக்குத் தெறப்பு, இக்கா! நச்சுன்னு ஒரு வரி வேணும், ஆளுங்க உள்ள வரணும்” என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? “‘எங்களுக்குத் தலைக்கு மேலே வேலை’ன்னு போடுங்க” என்றேன்.

சலூன்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேசை மேலிருந்த சாயா சாய்ந்தது. அடுத்து நின்ற குடைக்கடைக்காரர், “எனக்கும் ஒண்ணு சொல்லு மோளே” என்றார். ‘மழை உங்கள் தலையில், பொறுப்பு எங்கள் கையில்’ என்றேன். இக்கா நாற்காலியிலிருந்து எழுந்து என்னை உட்காரச் சொன்னார். சாயங்காலம் வரை பதினாறு போர்டு, மாமா! இக்காவின் கணினியில் எல்லாவற்றுக்கும் தயாராக ஓர் அச்சு இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒன்று, பரீட்சையில் பாஸானதற்கு ஒன்று, செத்துப்போனதற்கு ஒன்று. படத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. கூட்டம் கலைந்த பிறகு இக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“திங்கக்கெழமைலேர்ந்து வர்றியா? முன் அனுபவம் ஏதாவது உண்டா?”

“உண்டு இக்கா. நாலு நாளா ஃப்ளெக்ஸ்லதான் இருக்கேன். வெயில், மழை, ஒரு காக்கா, எல்லாம் பாத்தாச்சு.”

அவர் அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். “யா அல்லா, பாயசம்!” என்றார். வேலை கிடைத்துவிட்டது.

ஞாயிறு நாலு மணிக்கு மெம்பர் மைக்கில், “எந்த நிறுவனம்னு ஊருக்குச் சொல்லும்மா” என்றார். அம்மா முதல் வரிசையில் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு விளையாட்டு வேண்டாமா? “என்னைப் பத்தி இந்த ஊருக்கே சொன்ன நிறுவனம்தாங்க” என்று பின்னால் தொங்கிய போர்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த கடைப் பெயரைக் காட்டினேன். கடைசி வரிசையில் தாஹா இக்கா எழுந்து கும்பிட்டார். வாசகசாலை கூரை போகும்படி கைதட்டல். அம்மா அழுதுகொண்டே ரெஜிலா சேச்சியின் தோளில் ஓர் அடி வைத்து, “நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல” என்றாள். அப்பா நினைவுப் பரிசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்று காலை தோட்டத்துக்குக் கொண்டுபோய் மரங்களுக்குக் காட்டியிருக்கிறார்.

ஆகையால் மாமா, உங்கள் அன்புக்கு நன்றி, அந்த விசாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நான் மஸ்கட் பக்கம் தலை வைத்தும் படுப்பதாக இல்லை. இன்று வேலையில் எனக்கு முதல் நாள். வியாழக்கிழமை நீங்கள் வந்து இறங்கும்போது முக்கில் உங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும், நானே என் கையால் செய்தது, இப்போது சொல்ல மாட்டேன். மாமிக்கு என் வணக்கமும், வாண்டுகளுக்கு ஆளுக்கொரு செல்லக் குட்டும். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும், அதில் பாதி வயதுக்காவது என்னைத் திட்டாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உங்கள் வேலைக்காரி (வேலையில் இருப்பவள் என்ற பொருளில்),
ஆர்ச்சா.

பி.கு.: செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. மாமா, கடிதத்தை அனுப்பப் போன நேரத்தில் ஒரு சின்ன விஷயம். அந்த ஆச்சரியம், உங்களை வரவேற்று நான் அடித்த போர்டு, நேற்று ராத்திரியே கிளப்காரர்கள் முக்கில் வைத்துவிட்டார்கள். விளக்கும் பூவும் போட்ட அச்சு ஒன்று பார்க்க லட்சணமாக இருந்ததால் அதில் உங்கள் படத்தை வைத்து, ‘நம் பிரசன்னன் மஸ்கட்டிலிருந்து வியாழக்கிழமை காலை ஊர் வந்து சேர்கிறார்’ என்று எழுதினேன். அச்சின் அடியில் முன்பே இருந்த ‘இறுதிச் சடங்கு அன்று மாலை நாலு மணி, வீட்டு வளாகத்தில்’ என்ற வரியை எடுக்க மறந்துவிட்டேன். இப்போது வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியாயிற்று. கிளப்பில் கறுப்புக் கொடி. ஐம்பது பேர் வந்திருக்கிறார்கள். உங்களுக்குப் போன் போட்டால் அணைத்துவைத்துத் தூங்குகிறீர்கள், அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் அழுகிறார்கள். விளையாட்டு இல்லை, பிழை என்கிறேன், ஸ்கூட்டர் கதையைச் சொல்லிக் கிரீஷ் சேட்டன் என்னை அடக்குகிறார், ‘துக்கத்துல அப்படித்தான் பேசும், பாவம்’ என்கிறார். அம்மாவுக்கு நீங்கள் உயிரோடு இருப்பது தெரியும், நேற்று ராத்திரி கூடப் பேசினாளே, ஆனால் அத்தனை பேர் அழும்போது தான் மட்டும் சும்மா இருக்க முடியவில்லையாம். சிதைக்கு மாமரம் வேண்டுமென்று கோடாலியோடு வந்தவர்களை அப்பா உங்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தடுத்துக்கொண்டிருக்கிறார். எழுந்ததும் முதல் வேலையாக வீடியோவில் வாருங்கள், பேசிக்கொண்டே கண்ணைச் சிமிட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய பதிவு என்பார்கள். தாஹா இக்கா இப்போதுதான் மலர்வளையத்தோடு வந்து போர்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “இப்ப உனக்கு முன் அனுபவம் வந்துடுச்சு, மோளே. இனி வேற இடத்துல கேட்டா சொல்லலாம்” என்றார்.

மாமா, அந்த விசாவை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே?