ஒற்றைச் சாக்ஸும் ஒரு வராண்டா தண்ணீரும்

சாக்ஸ் என்பது ஜோடியாக வாங்கப்பட்டு ஒற்றையாகவே வாழ்ந்து முடிகிற பொருள். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர் என் மகள் யாழினி யு.கே.ஜி. படித்த பள்ளியின் பிரின்சிபால் மேடம் ஒருவர்தான்.

அந்தப் பள்ளியில் புதன்கிழமைக்கு வெறும் வெள்ளைச் சாக்ஸ். மற்ற நாளெல்லாம் மெரூன் கோடு போட்டது. ரெட்டை ஜடை போட்டு மடித்துக் கட்ட வேண்டும். பூ கூடாது, வளையல் கூடாது, கலர் பொட்டு கூடாது. (மூக்கு ஒழுகக் கூடாது என்று மட்டும்தான் எழுதவில்லை.)

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். கணவர் முருகேசனுக்கு ஒரு கம்பெனியில் முதல் ஷிஃப்ட், எனக்கு வேறொன்றில் நள்ளிரவு வரை இரண்டாவது ஷிஃப்ட். அவர் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். நான் அரைத் தூக்கத்தில் பிள்ளையைக் கிளப்பி வேனில் ஏற்றுவேன். வேன் போன பிறகும் நிம்மதி கிடையாது. டை கட்டினேனா, பெல்ட் போட்டேனா என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். திரும்பப் படுத்தாலும் கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கும் அப்படி ஆட்டிக்கொண்டு கிடந்தபோதுதான் போன் அடித்தது. யாழினியின் மிஸ்.

"மேம், யாழினி ஒரு கால்ல கோடு போட்ட சாக்ஸ், இன்னொரு கால்ல பிளெய்ன் சாக்ஸ் போட்டுட்டு வந்திருக்கா. இன்னிக்கு குரூப் போட்டோ. இப்படியே நிக்க வெச்சா பிரின்சிபால் மேம் என்னைத் திட்டுவாங்க. வெளியில நின்னு அழுதுட்டிருக்கா. சீக்கிரம் கொண்டு வாங்க."

துணிக் குவியலைக் கலைத்து, கோடு போட்ட அந்த ஒற்றைச் சாக்ஸைத் தேடி எடுத்தேன். ஸ்கூட்டரை முறுக்கினேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பாதி தூரம் போன பிறகுதான், நைட்டியோடு கிளம்பி வந்திருப்பது உறைத்தது. நல்லவேளை, மேலே துப்பட்டா இருந்தது. (நைட்டிமேல் துப்பட்டா போட்டால் அது புடவைக்குச் சமம் என்பது எங்கள் தெருவின் சட்டம்.)

பள்ளி கேட்டில் அந்தச் சட்டம் செல்லவில்லை.

"இன்னாம்மா, போர்டு பாக்கலியா?" என்றார் வாட்ச்மேன். "நைட்டில வந்தா உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டர் கீது."

"அண்ணே, இந்த ஒத்தச் சாக்ஸ மட்டும் குடுத்துட்டு ஓடியாந்துருதேன்."

"என் வேல பூடும்மா. எங்கிட்ட குடு, இன்டர்வல்ல குடுத்துடறேன்."

அதற்குள் போட்டோ முடிந்துவிடும். கம்பி வழியே பார்த்தேன். வராண்டாவில் யாழினி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். பிளெய்ன் சாக்ஸ் போட்ட காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கால் வலித்ததும் ஊன்றிவிட்டு, யாராவது வந்தால் மறுபடி ஒளித்தாள்.

டெய்லரிடம் கொடுக்க ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த கணவரின் கம்பெனி ஓவரால் ஞாபகம் வந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியாகத் தைத்த சாம்பல் நிற உடுப்பு. நைட்டியைச் சுருட்டி உள்ளே திணித்து ஜிப்பை இழுத்தேன். நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி ஆனேன்.

வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப நைட்டி இல்ல. போ."

வராண்டாவை எட்டுவதற்குள் எதிரே பிரின்சிபால் மேடம்.

"வாட்டர் மெஷின் சர்வீஸா? எத்தனை தடவை கம்ப்ளெயின்ட் பண்றது? வாங்க, சொட்டிட்டே இருக்கு!"

'இல்லை மேடம், நான் யாழினி அம்மா' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கோலத்தில் அம்மா என்று சொன்னால் பிள்ளைக்கு இன்னும் என்ன தண்டனையோ என்று பயம். அதோடு மெஷின் இருந்தது யாழினி நின்ற இடத்துக்குப் பக்கத்தில். சும்மா ஏதாவது திருகுவது போல் நடித்து, சாக்ஸைக் கைமாற்றிவிடலாம் என்று என் மூளை சொன்னது. (தூங்காத மூளை. அதன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது.)

மெஷினுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திருகு இருந்தது. லேசாகத் திருப்பினேன். குழாய் பிடுங்கிக்கொண்டு, பாம்பு மாதிரி எழும்பி, போட்டோவுக்காக அப்போதுதான் வராண்டாவுக்கு வரிசையாக வந்த யு.கே.ஜி. முழுவதையும் நனைத்தது. பிள்ளைகள் ஒரு நொடி திகைத்தார்கள். அப்புறம் ஒரே கூத்து. ஒருவன் வாயைத் திறந்து குடிக்கவே ஆரம்பித்தான். மேடத்தின் கஞ்சி போட்ட காட்டன் புடவை காலோடு ஒட்டிக்கொண்டது.

"மூடுங்க! மூடுங்க!"

எதைக் கொண்டு மூட? கையில் இருந்ததை ஓட்டையில் அடைத்தேன். அந்த மெரூன் கோடு போட்ட சாக்ஸ்.

வாட்ச்மேன் ஓடிப்போய் மெயின் வால்வை மூடினார். தண்ணீர் நின்றதும் யாழினியின் குரல் கணீரென்று கேட்டது.

"மிஸ், அது சர்வீஸ் இல்ல. அது எங்கம்மா! உள்ள நைட்டி போட்டிருக்கு!"

குனிந்து பார்த்தேன். ஜிப் விட்டுப்போய், ரோஜாப்பூ நைட்டி முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. மேடம் என்னைப் பார்த்தார், ஓட்டையில் தொங்கிய சாக்ஸைப் பார்த்தார், யாழினியின் காலைப் பார்த்தார்.

"இதுக்காகவா?"

"ஆமா மேடம். போட்டோல பிள்ள விட்டுப்போயிருமோன்னு..." அழுகை வந்துவிட்டது.

மேடம் புடவையைப் பிழிந்தார். போட்டோக்காரர் வேறு பள்ளிக்குப் போகணும் என்று அவசரப்படுத்தினார். கடைசியில் மேடம், ஏதோ தோல்வியை ஒப்புக்கொள்கிற குரலில் மிஸ்ஸிடம் சொன்னார்:

"எல்லாரையும் ஷூ, சாக்ஸ் கழட்டச் சொல்லுங்க."

அப்படித்தான் அந்த வகுப்பு மொத்தமும் வெறுங்காலோடு போட்டோவில் நின்றது. யாழினி முன்வரிசையில், இரண்டு காலையும் நன்றாக முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

சாயங்காலம் நடந்ததைப் போனில் கேட்ட கணவர், முதலில் தன் ஓவராலைத்தான் விசாரித்தார். அடுத்த வாரமே பள்ளிப் போர்டில், பெற்றோர் கம்பெனி உடையில் வரக் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தது.

ஆனால் எனக்கு நிலைத்துப்போன தண்டனை வேறு. அன்று நனைந்த பிள்ளைகள் எனக்கு 'தண்ணி ஆன்ட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன மாதம் குன்றத்தூர் மலைக் கோயில் படியில், வளர்ந்த ஒரு பையன் தூரத்திலிருந்தே என்னை அடையாளம் கண்டு, "அம்மா, தண்ணி ஆன்ட்டி!" என்று கத்தினான். படியேறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி, நான் தள்ளாடுகிறேனா என்று பார்த்தார்கள்.

கணவர் உடனே என் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாத்து வா புள்ள. காலைலயே கொஞ்சம் ஓவராப் போச்சு."