‘வாழ்க’வுக்குப் பின்னால் ஒரு பள்ளம்

எழுத்துப் பிழைக்காக டீக்கடைகளை ஒதுக்கிவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். ‘தேனீர்’ என்று பலகை மாட்டிய கடையில் அவர் கால் வைக்க மாட்டார். தென்னூரில் எங்கள் ஆபீசைச் சுற்றி ஏழெட்டுக் கடைகள். அத்தனையிலும் ‘தேனீர்’தான். ‘தேநீர்’ என்று சரியாக எழுதிய ஒரே கடை பத்து நிமிட நடையில் இருந்தது. அங்கே கிடைப்பது பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். உச்சி வெயிலில் நடந்துபோய் அதைக் குடித்துவிட்டு, “சுத்தமான தேநீர்” என்று வாயைத் துடைத்துக்கொள்வார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போய்விட்டது. இரண்டு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் போடலாமா என்று யார் கேட்டாலும் ‘மிகும்’ அல்லது ‘மிகாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். பெரும்பாலும் ‘மிகாது’. அதனால் அவர் மிகாது சார் ஆனார்.

அரியமங்கலத்தில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவர். தனக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளையும் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் ‘மறு மெய்ப்பு அனுப்பவும்’ என்று எழுதி, வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அதன் பிறகு அவருக்குப் பல வீடுகளிலிருந்து வாய் வார்த்தையாகத்தான் அழைப்பு வரும்.

பிழையைக் கண்டாலொழிய அவராக யாருக்கும் போன் செய்ய மாட்டார். ஒரு நாள் காவிரிப் பாலத்தில் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு. பதறிப்போய் ஓரம் கட்டினேன்.

“இந்த வாரம் உங்க கட்டுரை, நாலாவது பத்தி. ‘படித்து பார்த்தேன்’னு வந்திருக்கு. ‘ப்’ எங்கே?”

“விட்டுப்போச்சு சார்.”

“விடப்படாது.”

அவ்வளவுதான், வைத்துவிட்டார். என் மகள் பிறந்த அன்று ‘பெண் குழந்தை, இருவரும் நலம்’ என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். ‘பெண் குழந்தை. மிகாது. சரி’ என்று பதில் வந்தது. அதை வாழ்த்தாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்டவரை வீடியோ கேம் கம்பெனிக்குள் கொண்டுவந்தவள் நஸ்ரின். பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, தென்னூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து, கேம் செய்ய உட்கார்ந்தவள். எழுத்து வேலை எனக்கு. கேமின் கதாநாயகன் ஒரு வெள்ளிப் பூச்சி. பழைய புத்தகங்களை அரித்துத் தின்னுமே, அதேதான். அது ஓர் ஓலைச்சுவடிக்குள் புகுந்து குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலங்களையும் சுற்றிப் பார்க்கும். சொற்கள்தான் அது தாவிச் செல்லும் மேடைகள். சில சொற்களுக்கு நடுவே பள்ளம் இருக்கும். அங்கே ஒற்று மிகும் என்றால் அந்த எழுத்தைப் பள்ளத்தில் தள்ள வேண்டும், அது பாலமாகிவிடும். மிகாது என்றால் சும்மா நடக்க வேண்டும், பாலம் தானாக வரும். தப்பாகச் செய்தால் பூச்சிக்குப் பாதாளம்.

கேம் பார்க்க அழகாக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த பூச்சிக்குக் குதிக்கத் தெரியவில்லை. பொத்தானை அழுத்தினால், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்ததைப்போலத் தாமதமாகக் குதித்தது.

கேமைச் சோதித்துப் பார்க்க முதல் நாள் மிகாது சாரை உட்காரவைத்தோம். மூன்று மணி நேரம் பூச்சி ஓர் அடிகூட நகரவில்லை. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று நஸ்ரின் ஓடி வந்தாள்.

“என்னாச்சு சார், நகர மாட்டேங்குதா?”

“நான்தான் நகரலை. ‘ஆட்டத்தை துவங்கு’ன்னு போட்டிருக்கே. நடுவுல ‘த்’ போடு, துவங்கறேன்.”

போட்டாள். துவங்கினார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கண்ட பிழைகளையெல்லாம் சிவப்பு மார்க்கரால் திரையின் மேலேயே திருத்தினார். இரண்டு மானிட்டர்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம்.

“சார், பூச்சி செவுத்துக்குள்ள மாட்டிக்குதான்னு மட்டும் பாருங்க, போதும்” என்று நஸ்ரின் கெஞ்சினாள்.

“மாட்டிக்கறதும்மா. அது கிடக்கட்டும். செவுத்துல எழுதியிருக்கறதுன்னா தப்பு!”

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு வழியாக, கேம்களை வெளியிடும் கம்பெனிக்காரர் ஒருவர் பெங்களூரிலிருந்து பார்க்க வருவதாகச் சொன்னார்.

“அவரு வேணாம்னுட்டாருன்னா ஆபீச மூடிட்டுப் பழைய வேலைக்கே போயிடறேன்னு அத்தாகிட்ட சொல்லிட்டேன்” என்றாள் நஸ்ரின். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று கொண்டுவந்த சாப்பாட்டை அவள் திறக்கவே இல்லை.

என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, அவர் வருவதற்கு முந்தின நாள் கடைசிக் கட்டம் ஒன்றை எழுதிச் சேர்த்தேன். ‘வாழ்க’ என்று ஒரு மேடை, ‘தமிழ்’ என்று ஒரு மேடை, நடுவே பள்ளம். தாண்டினால் வாணவேடிக்கை. மிகாது சாரிடம் காட்டினால் ஒரு வாரம் இழுப்பார் என்று காட்டவில்லை.

அவரை அன்று ஆபீசில் வைத்துக்கொள்வதே ஆபத்து என்று தோன்றியது. “வந்தவருகிட்டயே குறையையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சிடுவாரு” என்றாள் நஸ்ரின். எனவே, திருவெறும்பூரில் ஒரு பெயர்ப் பலகையில் ஒன்பது பிழைகள் இருப்பதாக அவரிடம் புளுகினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வந்தவர் நன்றாகவே விளையாடினார். பூச்சி குதித்தபோதெல்லாம் ‘ப்ச்’ கொட்டினார். கடைசிக் கட்டத்தில் ‘வாழ்க’ மேல் நின்று யோசித்தார். சும்மா நடந்தார். விழுந்தார். மறுபடியும் நடந்தார், மறுபடியும் விழுந்தார். ஆறு தடவை.

“புரோகிராம்ல ஏதோ பக் போல இருக்குங்க” என்று எழுந்துகொள்ளப் பார்த்தார். நஸ்ரினின் முகம் வெளுத்துவிட்டது.

“பக் எல்லாம் இல்லைங்க. நீங்க ‘த்’தைத் தள்ளணும்” என்றேன் நான், பெருமையாக.

கதவு படாரென்று திறந்தது.

“அந்தப் பலகைல ஒரு பிழைகூட இல்லை!” குடையோடு நின்றார் மிகாது சார். திருவெறும்பூர் வரை போய் ஏமாந்து வந்த கோபம். அதற்குள் அவர் கண் திரைக்குப் போய்விட்டது.

“வாழ்கவுக்கு அப்புறம் ‘த்’ போடறது யார்? வாழ்க தமிழ்! மிகாது! பூச்சி நடந்தது சரி. பள்ளம்தான் தப்பு!”

எனக்குப் பூச்சியோடு சேர்ந்து பாதாளத்தில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

“இவர் யாரு?” என்றார் வந்தவர்.

“எங்க டெஸ்டர்” என்றாள் நஸ்ரின் ஈனசுரத்தில்.

“அப்ப நீங்களே சொல்லுங்க சார். இதுல வேற என்ன குறை?”

நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டாள். மிகாது சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, குடையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார்.

“நெறைய இருக்கு. குதின்னா யோசிச்சுண்டு குதிக்கறது. எழுத்தெல்லாம் கடுகு கடுகா இருக்கு. பாலைக்குள்ள போயிட்டா வெளில வர வழியே தெரியாது. நான் மூணு நாள் அங்கேயே சுத்திண்டிருந்தேன். விழுந்தா மறுபடியும் முதல்லேர்ந்து நடக்கச் சொல்றேள், பூச்சிக்குக் கால் வலிக்காதோ?”

“நல்லதுன்னு ஒண்ணுமே இல்லையா?”

மிகாது சார் யோசித்தார். அவர் பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

“நெய்தல்ல பூச்சி ஒரு சொல்லு மேல உக்காந்துண்டா, அலை வந்துட்டுப் போற வரைக்கும் அடுத்த சொல்லு தெரியாது. காத்துண்டிருக்கணும். முப்பது வருஷமா வார்த்தையைக் கண்டாலே தப்பைத் தேடிண்டு ஓடியிருக்கேன். ஒரு வார்த்தையைச் சும்மா பார்த்துண்டு உக்காந்தது அங்கேதான். அதை மட்டும் மாத்திடாதேங்கோ.”

வந்தவர் நெய்தலுக்குத் திரும்பிப்போனார். பூச்சியை ஒரு சொல்லின் மேல் உட்காரவைத்தார். நாலைந்து அலைகள் வந்து போயின.

“குதிக்கறதச் சரி பண்ணுங்க. நாங்க வெளியிடறோம்” என்றார்.

நஸ்ரின் அத்தாவுக்குப் போன் போட்டுக் கத்திய கத்தலில், கீழே மருந்துக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தார்.

கேம் வெளிவந்தது. சுற்றிப் பார்க்க அருமை, பூச்சி இன்னும் கொஞ்சம் தூங்குகிறது, இலக்கணம் ரொம்பக் கறார் என்று விளையாடியவர்கள் எழுதினார்கள். எல்லாம் நியாயம்தான். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலுக்காக நஸ்ரின் தயங்கித் தயங்கி அவருடைய பெயரைக் கேட்டாள். “மிகாதுன்னே போடும்மா. அதைத்தானே சொல்லிண்டிருக்கேள்?” என்றார். முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறோம் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திருத்த வேறெதுவும் இல்லை என்று ஸ்ரீரங்கத்தோடு இருந்துவிட்டார். எட்டு மாதமாக அவரிடமிருந்து போன் இல்லை. நான் கட்டுரை எழுதும் பத்திரிகையின் ஆபீசில் ஒரு மென்பொருள் வாங்கிவிட்டார்கள். நான் விடும் ஒற்றுகளையெல்லாம் அதுவே போட்டுவிடுகிறது. நானாகக் கூப்பிட்டால் “என்ன பிழை?” என்பார். ஒன்றுமில்லை என்றால் வைத்துவிடுவார்.

அதனால், இந்தக் கட்டுரையில் நான் எழுதிய வரி ஒன்றில் ஓர் ஒற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதில் கை வைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் கெஞ்சியும் ஆயிற்று. ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்கு இதழ் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அன்று முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.