ஆமைக்கு ஒரு பல் டாக்டர்

இரண்டாவது ஊசியையும் போட்டு முடித்த பிறகுதான், ஒன்றே அதிகம் என்று பல் டாக்டருக்கு உறைத்தது. நியாயமாக அது ஊசி போடுவதற்கு முன்னால் உறைத்திருக்க வேண்டும்.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தவர் பொம்மை மாமா. டாக்டர் அரை டிராயர் போட்டிருந்த காலத்தில் தினமும் சாயந்திரம் டிவியில் வந்தவர். அவர் கையில் மாட்டியிருக்கும் துணி ஆமைக்கு 'அவசரம்' என்று பெயர். எல்லாரும் வந்து, வந்த காரியத்தை முடித்து, கிளம்பவும் ஆரம்பித்த பிறகு அது மெதுவாகத் தலையை நீட்டி, "நான் அப்பவே வந்துட்டேன்!" என்று சொல்லும். ஒரு தடவை மாமா அவசரத்துக்குப் பல் விளக்கக் கற்றுக்கொடுத்தார். அதைப் பார்த்த அன்றைக்கே டாக்டர் தன் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டார். ஆமைக்குப் பல்லே கிடையாது என்ற விஷயம் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட மாமா இன்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கழுத்தில் மஃப்ளரோடு, தன் வேன் டிரைவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்தால் மனுஷன் என்ன ஆவார்?

"உட்காருங்க மாமா. சௌக்கியமா? சௌக்கியந்தான், பார்த்தாலே தெரியுதே. வலி ரொம்பவா? ரொம்பத்தான் இருக்கும். மஃப்ளர் எதுக்கு, ஏசி ஒத்துக்கலையா? ஒத்துக்காது, ஒத்துக்காது."

மாமா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"டாக்டர், அவரையும் கொஞ்சம் பதில் சொல்ல விடுங்க," என்றார் சிஸ்டர்.

சிஸ்டர் தினமும் சொல்வதுதான் இது. நோயாளியின் வாயில் கையை வைத்துக்கொண்டு கேள்வியும் கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொள்வது டாக்டருக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். வீட்டிலும் அப்படித்தான். "என்மேல கோபமா? அதெல்லாம் இல்ல" என்று அவரே கேட்டு அவரே சமாதானமாகிவிடுவதால், அவர் மனைவி ஆசைக்கு ஒரு சண்டைகூடப் போட முடிந்ததில்லை.

வாய்க்குள் விளக்கைக் காட்டினால், அங்கே ஏகப்பட்ட பற்கள் அடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை வேலை. "எத்தனை டாக்டர்ங்க பார்த்திருக்காங்க! கொடுத்து வச்சவங்க," என்று டாக்டர் பொறாமைப்பட்டார். வெகுநேரம் தேடியதில் கடைவாய்ப் பல்லில் கடுகளவுக்கு ஒரு கறுப்பு அகப்பட்டது. ஊசியே தேவையில்லாத வேலை. ஆனாலும் மாமாவுக்கு வலிக்கலாமா? ஒன்று போட்டார். மனசு கேட்கவில்லை. இன்னொன்றும் போட்டார்.

பல்லை அடைத்து முடிக்கிற நேரத்தில் டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா சார்? பக்கத்துத் தெரு ஸ்கூல்ல ஷோ இருக்கு. ஹால் நிறையக் குழந்தைங்க வந்தாச்சு."

"இன்னிக்கா?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல."

டாக்டர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். வாயின் இடது பாதி வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் தாடையை நோக்கிச் சரிந்திருந்தது. போட்ட மருந்தின் அளவுக்கு அது ராத்திரி வரைக்கும் திரும்பி வராது.

"மாமா, ஏதாவது பேசுங்க பார்ப்போம்."

மாமா வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"சிஸ்டர், வெந்நீர்!" என்று டாக்டர் அலறினார். கொப்பளித்தால் மரப்பு குறையும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பதற்றத்தில் அவரே எழுதிக்கொண்ட பாடம். மரத்த உதட்டில் தண்ணீர் நிற்குமா? அத்தனையும் ஷோவுக்காகப் போட்டு வந்த வெள்ளைச் சட்டையில் வழிந்தது. துடைக்கிறேன் என்று டாக்டர் பஞ்சை எடுத்துக் கிண்ணத்தில் தோய்த்துத் தேய்த்தார். அது தண்ணீர்க் கிண்ணம் இல்லை. பல்லில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தடவும் சிவப்புச் சாயம்.

இப்போது மாமா கொலை நடந்த இடத்திலிருந்து நேராக வந்தவர் மாதிரி இருந்தார்.

"நீங்க சரி பண்ணப் பண்ண மோசமாகுது சார்," என்றார் டிரைவர். "கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

டாக்டர் கையைக் கட்டவில்லை. தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாமாவுக்குப் போட்டுவிட்டார்.

"ஷோவைத் தள்ளி வச்சிடலாமே?"

"வாங்க, குழந்தைங்க கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

"பழைய ரெக்கார்டிங்கைப் போட்டா?"

"நடுவுல எழுந்து கேள்வி கேப்பாங்க. ரெக்கார்டிங் பதில் சொல்லுமா?" டிரைவர் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஆமை மாதிரி பேசத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா தேவலை. இந்த அவசரத்துல யார் கிடைப்பாங்க?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். சின்ன வயசிலிருந்து குளியலறைக்குள் அவர் ரகசியமாகப் பழகிவந்த வித்தை அது. வீட்டில் எல்லாரும் இவருக்கு அடிக்கடி ஜலதோஷம் என்று நினைத்திருந்தார்கள்.

"நான் அப்பவே வந்துட்டேன்!"

சிஸ்டர் தட்டைக் கீழே போட்டார். மாமா கட்டைவிரலை உயர்த்தினார்.

மேடையில் ஒரு மேஜை, அதைச் சுற்றித் தரை வரைக்கும் தொங்கும் துணி. மேஜைக்குப் பின்னால் மாமா, அவர் கையில் அவசரம். மேஜைக்கு அடியில், சமூகத்தில் மதிப்பும் மரியாதையும் உள்ள ஒரு பல் டாக்டர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் ஷூ மட்டும்தான்.

"மாமா ஒரு உதை விட்டா பேசுங்க, ரெண்டு உதை விட்டா நிறுத்துங்க," என்று டிரைவர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அதுக்குள்ள இவ்வளவு யோசிச்சிட்டீங்களே!"

"ஏதோ தோணிச்சு சார்."

திரை விலகியது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் முன்வரிசையில் ஒரு பொடியன், "ஐயோ, ஊசி மாமா!" என்று வீறிட்டான். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உதை விழுந்தது.

"பயப்படாதீங்க!" என்றது ஆமை. "வாயை நல்லாத் திறங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்!"

பழக்க தோஷம். அழுகை பின்வரிசை வரைக்கும் பரவியது. இரண்டு உதை விழுந்தன, இரண்டும் பலமாக.

இருட்டில் இடுப்பைத் தடவிக்கொண்ட டாக்டருக்கு அழுகை வந்தது. தன்னைச் சிரிக்க வைத்த மனிதரின் வாயைக் கட்டிப்போட்டு, ஒரு ஹால் நிறையக் குழந்தைகளை அழவும் வைத்தாயிற்று. ரசிகன் என்றால் இவனல்லவோ ரசிகன்!

அப்போது ஒரு சிறுமியின் குரல் கேட்டது. "மாமா ஏன் பேசவே மாட்டேங்கிறார்?"

ஹால் அடங்கியது. ஒரு உதை விழுந்தது. டாக்டருக்கு வசனம் எதுவும் ஞாபகம் வரவில்லை. நெஞ்சில் இருந்ததுதான் வாயில் வந்தது.

"நான் எங்கேம்மா அவரைப் பேச விட்டேன்?"

வெடித்த சிரிப்பில் மேஜையே ஆடியது. மேலே ஆமை வெட்கப்பட்டு ஓட்டுக்குள் போய்விட்டது என்பது அடியில் இருந்தவருக்குத் தெரியாது.

அவ்வளவுதான், டாக்டர் அதையே பிடித்துக்கொண்டார். "மாமா, என்மேல கோபமா? கோபமில்லையாம்! எனக்கு மிட்டாய் தருவீங்களா? தருவாராம்! எல்லாத்தையும் நானே தின்னா பரவாயில்லையா? ரொம்ப சந்தோஷமாம்!" மாமா தலையில் அடித்துக்கொள்ள, இல்லை இல்லை என்று கையை ஆட்ட, குழந்தைகள் மாமாவுக்காகச் சண்டைக்கு வந்தார்கள். முன்வரிசைப் பொடியன் நாற்காலிமேல் ஏறி நின்று ஆமையைத் திட்டினான்.

கடைசியில் எல்லாரும் கிளம்ப எழுந்தபோது, "நான் அப்பவே வந்துட்டேன்!" என்று ஹால் முழுக்கக் கத்தியது. அதில் டாக்டரின் குரலும் எங்கோ இருந்தது. மாமா குனிந்து, துணியை விலக்கி, அவசரத்தின் மூக்கால் டாக்டரின் கன்னத்தைத் தொட்டார். டாக்டர் மேஜைக்கு அடியிலேயே விசும்பி அழுதார். அவருடைய வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் கிடையாது.

வெளியே வந்ததும் குற்ற உணர்ச்சி திரும்பவும் பிடித்துக்கொண்டது. வேனில் மேஜையை ஏற்றிக்கொண்டிருந்த டிரைவரிடம் போய் நின்றார்.

"மாமா கிட்ட நீங்கதான் சொல்லணும். எல்லாம் என்னாலதான். ஒரு ஊசியோட விட்டிருக்கணும். காலையில குரல் வந்துடும், கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. வருத்தமா இருப்பாரா? இருக்க மாட்டார்."

டிரைவர் வேன் கதவை மூடிவிட்டுத் திரும்பினார்.

"அவர் குரல் தொண்டை ஆபரேஷன்ல போய் வருஷக்கணக்காச்சு சார். அதுலேர்ந்து ஊருக்கு ஒரு பல் டாக்டரைப் பிடிச்சுத்தான் ஷோ நடக்குது; எதிர்ல இருக்கிறவர் ஒரு வார்த்தை பேசாட்டியும் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேச வேற யாரால சார் முடியும்?"